கத்திக்கு முன்னும் பின்னும்

இரைப்பையில் புற்று என்று பயாப்ஸி அறிக்கை வந்த அன்று குடும்பத்தினர் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போ வச்சுக்கலாம்?" என்பதுதான். "இப்போதைக்கு வேண்டாம், முதலில் இரண்டு மாதம் கீமோ ஏற்றுவோம்" என்று பதில் வந்தால் முகம் வாடிவிடுகிறது. கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும், முற்றிவிட்டதால்தான் அறுக்க மாட்டேன் என்கிறாரா, டாக்டர் கைவிட்டுவிட்டாரா என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு கிளம்புகிறது. அடுத்த வாரமே தேதி கொடுக்கும் இன்னொரு மருத்துவமனையைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து, அறுவையே வேண்டாமென நாட்டு மருந்துக்குப் போகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பினரும் நினைப்பது ஒன்றுதான்: சிகிச்சை என்றால் அறுவை.

இரைப்பைப் புற்றில் மிக வேகமாகப் பரவும் ஒரு வகை இருக்கிறது. அதற்கான சிகிச்சை ஏழெட்டு மாத வேலை. அறுவை அதன் நடுவில் வரும் ஒரு நாள். நம் வீடுகளின் கவலை, மருத்துவமனைகளின் திறமை, அரசின் பணம் எல்லாம் அந்த ஒரு நாளின் மேல்தான் குவிகின்றன. அதற்கு முன் வரும் மாதங்களையும் பின் வரும் மாதங்களையும் நோயாளி பெரும்பாலும் தனியாகத்தான் கடக்கிறார். அந்த மாதங்கள் சரியாக அமையாவிட்டால், நடுவில் நடக்கும் எவ்வளவு நேர்த்தியான அறுவையும் வீணாகிவிடும். இதை மருத்துவர்கள் அறிவார்கள். நம் மருத்துவ ஏற்பாடு இன்னும் அதற்கேற்ப மாறவில்லை.

முதலில் நோயைப் பற்றி. பின்லாந்தைச் சேர்ந்த நோய்க்குறியியல் நிபுணர் பெக்கா லாரன் 1965-ல் இரைப்பைப் புற்றை இரண்டு பெரும் வகைகளாகப் பிரித்தார். ஒன்று குடல் வகை. இதில் புற்றுச் செல்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகத் திரளும். எண்டோஸ்கோபியில் புண்ணாகவோ முண்டாகவோ கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. மற்றது, நான் மேலே சொன்ன பரவல் வகை. இதில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தனித்தனியாகப் பிரிந்து, உட்புறச் சவ்வுக்கு அடியில் இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள் சளி நிறைந்து, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். முத்திரை மோதிரச் செல் புற்று என்று அறிக்கையில் எழுதுவது இதைத்தான். இது சுவர் முழுவதும் பரவிவிட்டால் இரைப்பை தடித்து, விறைத்து, விரியும் தன்மையை இழந்துவிடும். லைனிட்டிஸ் பிளாஸ்டிகா என்று பெயர். முப்பது, நாற்பது வயதுக்காரர்களையும் தாக்கும். பெண்களையும் விட்டுவைக்காது.

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை என்கிறார். விரியாத இரைப்பையில் உணவுக்கு இடமில்லை, அதனால்தான். ஆனால் அவருக்கும் வீட்டாருக்கும் அது 'கேஸ்', 'வாயு', 'அல்சர்'. மருந்துக் கடையில் சொன்னால் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் எரிச்சலைத் தணிக்கும், கொஞ்சம் நிம்மதி தரும். அந்த நிம்மதியில் மாதங்கள் போகும். இடுப்பில் சேலை தளர்ந்த பிறகுதான், எடை குறைந்ததை யாராவது கவனிக்கிறார்கள்.

இன்னும் கொடுமை, எண்டோஸ்கோபி செய்த பிறகும் இது தப்பிவிடலாம் என்பது. நோய் சவ்வுக்கு அடியில் இருப்பதால் மேற்புறம் ஏறத்தாழ இயல்பாகத் தெரியும். மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த சதையில் புற்று இருக்காது. "ஸ்கோப் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்ற ஒரு வரியில் பலருடைய தேடல் முடிந்துவிடுகிறது. காற்றைச் செலுத்தியும் இரைப்பை விரியவில்லை, மடிப்புகள் தடித்திருக்கின்றன என்றால், பல இடங்களில் ஆழமாகச் சதை எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகவே அல்ட்ராசவுண்ட் செய்து சுவரின் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தும் எடை குறைந்துகொண்டே போகிறது, வாந்தி நிற்கவில்லை, மலம் கறுத்துப் போகிறது, ரத்தசோகை ஏறுகிறது என்றால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்கத் தயங்காதீர்கள்.

இந்த வகைப் புற்று சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதும் உண்டு. நியூசிலாந்தின் ஒரு மாவோரிக் குடும்பத்தில் இளம் வயதிலேயே பலர் இரைப்பைப் புற்றால் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கதவைத் தட்டியது. பாரி கில்ஃபோர்டின் குழு அவர்களோடு சேர்ந்து உழைத்தது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்துக்கான சி.டி.ஹெச்.1 மரபணுவில் பழுது இருப்பதை 1998-ல் வெளியிட்டார்கள். செல்கள் ஏன் தனித்தனியாகப் பிரிகின்றன என்பதற்கான விடையும் அங்கேயே கிடைத்தது. இன்று அந்த மரபணுப் பழுது உள்ளவர்களுக்கு, நோய் வருமுன்பே இரைப்பையை முழுதாக எடுத்துவிடுவது பற்றி மருத்துவர்கள் பேசுகிறார்கள். பழுது உள்ள பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்றின் ஆபத்தும் கூடுதல். நம்மூரில் ஐம்பது வயதுக்குள் இரைப்பைப் புற்று வந்தவரின் வீட்டில் அத்தை, சித்தப்பா யாருக்கு என்ன நோய் இருந்தது என்று உட்கார்ந்து விசாரிக்கிறவர்கள் எத்தனை பேர்?

இனி சிகிச்சைக்கு வருவோம். புற்றுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெற்றிகரமாக வெட்டியெடுத்த முதல் அறுவையை வியன்னாவில் 1881 ஜனவரி 29 அன்று தியோடர் பில்ரோத் செய்தார். நோயாளி தெரேஸ் ஹெல்லர் என்ற பெண். வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. மயக்க மருந்து இளம்பிராயத்தில் இருந்த, ஆன்டிபயாடிக் கனவில்கூட இல்லாத அந்தக் காலத்தில் அவர் அறுவையிலிருந்து பிழைத்து, சாப்பிட்டு, வீடு திரும்பினார். மருத்துவ உலகமே கொண்டாடியது. சுமார் நான்கு மாதத்தில் நோய் திரும்பி அவர் இறந்துபோனார். 1897-ல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் இரைப்பையை முழுதாகவே எடுத்தார். அந்தப் பெண்மணி ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். பின்னர் அவரையும் புற்றுதான் கொண்டுபோனது. கத்தியால் மட்டும் இதை வெல்ல முடியாது என்பதை இந்த முதல் வெற்றிகளே சொல்லிவிட்டன. ஆனாலும் அதற்கடுத்த நூறு ஆண்டுகள் பெரும்பாலும் இன்னும் பெரிதாக வெட்டுவது எப்படி என்ற தேடலில்தான் கழிந்தன.

திருப்பம் 2006-ல் வந்தது. பிரிட்டனில் டேவிட் கன்னிங்ஹாம் தலைமையில் 503 நோயாளிகளிடம் நடந்த 'மேஜிக்' ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 23 சதவீதம். அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களில் 36 சதவீதம். 2019-ல் ஜெர்மனியின் அல்-பத்ரான் குழு அடுத்த படியை எட்டியது. ஃப்ளூரோயுராசில், லூகோவோரின், ஆக்சலிபிளாட்டின், டோசிடாக்செல் என்ற நான்கு மருந்துகளைச் சேர்த்த 'ஃப்ளாட்' முறையை, பழைய கீமோ கலவையோடு 716 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 36-லிருந்து 45 சதவீதமானார்கள். அறுவைக்கு முன் நான்கு முறை, பின் நான்கு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. உடல் தாங்கக்கூடியவர்களுக்கு இன்று உலகின் பல நாடுகளில் இதுவே வழக்கமான வழி. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் முதலில் அறுவை, பிறகு கீமோ என்ற வரிசைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அங்கே பரிசோதனைத் திட்டங்கள் வழியாக நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கிறார்கள். நம் நோயாளிகள் வந்து சேரும் நிலை வேறு.

ஏன் முன்னால் கீமோ? நோய் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏற்கெனவே வெளியே கசிந்திருக்கலாம் என்பதால். கட்டி சுருங்கினால் முழுதாக எடுக்க முடியும் என்பதால். எல்லாவற்றையும் விட முக்கியமாக, இரைப்பையை எடுத்த பிறகு பலருக்கு முழுக் கீமோவையும் தாங்கும் தெம்பு இருப்பதில்லை என்பதால். ஜெர்மன் ஆய்விலேயே, அவ்வளவு ஏற்பாடுகளுக்கு நடுவில், எட்டுத் தவணையையும் முடித்தவர்கள் 46 சதவீதம்தான். போளூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு எவ்வளவு சாத்தியம் என்று யோசித்துக்கொள்ளலாம். பரவல் வகையில் கட்டி மருந்துக்கு முழுதாகக் கரைந்துபோவது குறைவு என்பதும் உண்மை. அதனால் கீமோ பயனற்றது என்று முடிவுகட்டுவது தவறு. கரையாவிட்டாலும் நோயைக் கட்டிப்போடுவதே இந்த வகையில் பெரிய லாபம்.

முன்னால் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பலர் கேள்விப்படாதது. இந்த வகை ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போவதைக் காட்டிலும் வயிற்றறையின் உள் உறைக்குப் பரவுவதில்தான் முந்திக்கொள்ளும். பெண்களுக்குச் சினைப்பையிலும் படியும். உறையில் படியும் கடுகளவுப் புள்ளிகள் சிடி ஸ்கேனில் தெரிவதில்லை. எனவே பெரிய அறுவைக்கு நாள் குறிக்கும் முன், சிறு துளை வழியாக லேப்ராஸ்கோப்பை விட்டு உள்ளே பார்த்து, வயிற்றைக் கழுவிய நீரில் புற்றுச் செல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரடியாக வயிற்றைத் திறந்து, உள்ளே பரவியிருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைப்பது நம் மருத்துவமனைகளில் இன்றும் நடக்கிறது. ஒரு அரைமணி நேரப் பரிசோதனையில் தெரியவேண்டியதை, ஒரு நீண்ட தழும்போடும் மூன்று வார வலியோடும் தெரிந்துகொள்ளும் நிலைக்கு நோயாளியைத் தள்ளுவது நியாயமில்லை.

பரவிவிட்டால் என்ன? "இருந்தாலும் முக்கியக் கட்டியையாவது எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று கெஞ்சும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு புரியாமலில்லை. ஆனால் இதற்கும் பதில் இருக்கிறது. ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2016-ல் வெளியிட்ட 'ரெகாட்டா' ஆய்வில், பரவிய நோயில் இரைப்பையை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தவர்கள், கீமோ மட்டும் பெற்றவர்களை விட அதிக நாள் வாழவில்லை. அந்த நிலையில் கீமோவோடு வலி நிவாரணச் சிகிச்சையை ஆரம்பத்திலிருந்தே சேர்ப்பதுதான் நோயாளிக்குச் செய்யும் நன்மை. பயாப்ஸிச் சதையில் ஹெர்-2, எம்.எஸ்.ஐ. போன்ற சோதனைகளைச் செய்துவிட்டால், சிலருக்கு இலக்குமருந்தோ நோயெதிர்ப்புச் சிகிச்சையோ பலன் தரும் வாய்ப்பும் தெரியும். அறுவைக்கு முன்னும் பின்னும் தரும் ஃப்ளாட்டோடு டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 2025-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அதன் விலை நம் நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாதது.

கீமோ நாட்கள் எப்படி இருக்கும் என்பதை அறுவையைப் பற்றிப் பேசுகிற அளவு யாரும் பேசுவதில்லை. ஒரு மருந்து ஒரு நாள் முழுக்கப் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறும். ஆக்சலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் விரல் நுனியில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்கும், பானைத் தண்ணீர் தொண்டையைப் பிடிக்கும். வெள்ளை அணுக்கள் குறையும். 'கவுன்ட் இறங்கிடுச்சு' என்று அடுத்த தவணை தள்ளிப்போகும். இந்தச் சமயத்தில் 100.4 டிகிரி ஜுரம் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை காத்திருக்கக் கூடாது, அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு நோயாளியின் கையிலும் கொடுத்தால் உயிர்கள் மிஞ்சும்.

அறுவையைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை, அதைச் செய்யக்கூடிய கைகள் தமிழகத்தில் இருக்கின்றன என்பதால். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் சாந்தா தன் வாழ்நாளைக் கொடுத்து வளர்த்த அடையாறு புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் ரங்கபாஷ்யம் இரைப்பைக் குடல் அறுவைக்கென்று தனித் துறை வளர்த்தெடுத்த மரபு இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பரவல் வகையில் பெரும்பாலும் இரைப்பையை முழுதாக எடுத்து, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் முறைப்படி அகற்றுவார்கள். நோய் சவ்வுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கும் என்பதால், வெட்டிய ஓரத்தை அறுவை நடக்கும்போதே சோதித்துப் பார்க்கும் வசதி அவசியம். இணைத்த இடத்தில் கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஆண்டுக்கு இரண்டு, மூன்று மட்டும் செய்யும் இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம். "இங்கே வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

என் மனம் நிற்கும் இடம் அறுவைக்குப் பிந்தைய சமையலறை. என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, இந்த நோய்க்கு இரைப்பையை முழுதாக எடுத்துக்கொண்டவர். வீடு திரும்பியபோது டிஸ்சார்ஜ் சீட்டில் உணவைப் பற்றி இருந்தது ஒரே வரி: மென்மையான உணவு, சிறிது சிறிதாக. பார்க்க வந்த சொந்தங்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். "தெம்பா ஏதாவது குடிம்மா" என்று ஒரு அத்தை பாயசம் காய்ச்சிக் கொடுத்தார். நாலு கரண்டி உள்ளே போன சிறிது நேரத்தில் அக்காவுக்கு முகமெல்லாம் வியர்த்தது, நெஞ்சு படபடத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டார். மாரடைப்பென்று நினைத்து மாமா ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினார். அது மாரடைப்பில்லை. இரைப்பை இருந்தால் உணவைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும். இரைப்பை இல்லாதபோது இனிப்பு முழுதும் சிறுகுடலில் ஒரேயடியாக விழுகிறது. உடல் அதை நோக்கி நீரை இழுக்கிறது. ரத்த அழுத்தம் தடுமாறுகிறது. மருத்துவர்களுக்கு மிகச் சாதாரணமாகத் தெரிந்த விஷயம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த தடவை போனபோது உணவியல் நிபுணர் ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினார். ஒரு நாளைக்கு ஏழெட்டு வேளை. ஒரு வேளைக்கு ஒரு இட்லி போதும், நன்றாக மென்று. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரைமணி நேரம் கழித்து. இனிப்பு, ஜூஸ், குளுக்கோஸ் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம். சாப்பிட்டதும் படுக்காமல், தலையை உயர்த்திவைத்து. இவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம் ஒரு மாதம் முன்பே கிடைத்திருந்தால், அக்கா அத்தனை எடை இழந்திருக்க மாட்டார். எடை இழந்ததால் அறுவைக்குப் பிந்தைய கீமோ தள்ளிப்போனது. நான்கில் இரண்டைத்தான் உடல் தாங்கியது. "சாப்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு தம்பி. ஊட்டி விடுறேன்னு எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க" என்று ஒரு நாள் போனில் சொன்னார். பசி என்ற உணர்வே போய்விட்டவர் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறார். இன்றும் பரிசோதனைக்குப் போய்வருகிறார்.

இரைப்பை போனால் வைட்டமின் பி12-ஐ உடல் ஈர்த்துக்கொள்ள உதவும் பொருளும் போய்விடுகிறது. எனவே ஆயுள் முழுக்க பி12 ஊசி வேண்டும். ஈரலில் இருக்கும் சேமிப்பு தீர ஓரிரு ஆண்டுகள் ஆகலாம் என்பதால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கால் மரத்துப்போகிறது; நடை தள்ளாடுகிறது; ரத்தசோகை வருகிறது; புற்று திரும்பிவிட்டதோ என்று குடும்பம் பதறுகிறது. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் குறையும். பி12 விலை குறைந்த ஊசி, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடக்கூடியது. அதற்காக முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து அறுவை நடந்த மருத்துவமனைக்கே வரச் சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

இங்கேதான் அரசிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. இரைப்பைப் புற்று தமிழகத்துக்குப் புதிதில்லை. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அதில் நெடுங்காலம் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுதான் முன்னணியில் இருந்தது. அதில் ஒரு பங்கு இந்த மூர்க்கமான வகை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. எத்தனையோ குடும்பங்களை நிலத்தை விற்காமல் காப்பாற்றிய திட்டம் அது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் காப்பீட்டின் கணக்கு தொகுப்பு தொகுப்பாக இருக்கிறது: இந்த அறுவைக்கு இவ்வளவு, இந்தக் கீமோவுக்கு இவ்வளவு. அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர் எடை குறைகிறாரா, மீதிக் கீமோவுக்கு வந்தாரா, பி12 போட்டுக்கொண்டாரா என்று கேட்கும் பொறுப்பு எந்தத் தொகுப்பிலும் யாருடைய தலையிலும் விழுவதில்லை. ஒரு நோயாளியின் மொத்தப் பயணத்தையும் ஒரே சிகிச்சையாகக் கணக்கிட்டு, எட்டுத் தவணையையும் முடிக்க வைக்கும் மருத்துவமனைக்கு அதற்கேற்ற தொகை தரும் ஏற்பாடு வேண்டும்.

அடுத்த கோரிக்கை உணவுக்கானது. காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்ட திட்டம் அது. சத்தில்லாத உடம்பில் மருந்து வேலை செய்யாது என்ற எளிய உண்மையை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம். இரைப்பையே இல்லாமல் கீமோவைத் தாங்க வேண்டியவருக்கு அந்த உண்மை இன்னும் அதிகமாகப் பொருந்தும். தினம் இரண்டு முட்டை, பால், பருப்பு ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் இயல்பாகக் கிடைப்பதில்லை. சம்பாதித்த ஆளே படுக்கையில் கிடக்கும்போது சொல்லவே வேண்டாம்.

பயணமும் சிறிய விஷயமில்லை. புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கு வந்து, வராண்டாவில் படுத்து, ரத்தப் பரிசோதனையில் கவுன்ட் போதாதென்று திருப்பி அனுப்பப்படும் அலைச்சலுக்குச் சலுகைக் கட்டணம் மருந்தாகாது. அடுத்த மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும், முதல் ஆண்டில் 200 மையங்கள் வரும் என்று 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல அறிவிப்பு. கட்டிடமும் நாற்காலியும் மட்டும் போட்டால் போதாது. கீமோவைக் கையாளத் தெரிந்த செவிலியர், மருந்தைக் கலக்கப் பாதுகாப்பான அறை, இரவு ஜுரத்தோடு வருபவரைச் சேர்த்துக்கொள்ளும் அவசரப் பிரிவு, சென்னை மருத்துவரோடு தொலைபேசித் தொடர்பு இத்தனையும் வேண்டும்.

நோயாளியை வீடு தேடிப்போய்க் கவனிக்கும் கால்களும் தமிழகத்திடம் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. அவர்களுடைய பதிவேட்டில் இரைப்பை நீக்கப்பட்டவர் என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். மாதம் ஒருமுறை எடை பார்ப்பது, பி12 ஊசிக்கு அழைத்துப்போவது, எடை சரிந்தால் மருத்துவருக்குத் தகவல் சொல்வது, இதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை.

மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாற்பதைத் தாண்டிய ஒருவர் மூன்றாவது வாரமும் அதே வயிற்று மாத்திரைக்கு வந்து நின்றால், அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடை குறைஞ்சிருக்கா? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுதா? ஆம் என்றால் எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். இளையவர் என்றால் வராது என்று நினைத்துவிடவும் வேண்டாம்; இந்த வகை வயது பார்ப்பதில்லை.

சுகாதாரத் துறை முதலில் செய்யக்கூடியது, செலவே இல்லாதது ஒன்று உண்டு. இரைப்பை அறுவை செய்யும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையும், காப்பீட்டுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடலாம். என்ன சாப்பிட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும், ஊசி எப்போது, மீதிக் கீமோ எப்போது, ஜுரம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்ற ஐந்து விவரங்கள் அதில் இருந்தால் போதும். உணவியல் நிபுணர் நோயாளியோடும் சமைப்பவரோடும் உட்கார்ந்து பேசினார் என்ற கையெழுத்து இல்லாமல் காப்பீட்டுத் தொகை விடுவிக்கப்படக் கூடாது. இந்த உத்தரவை அடுத்த மாதமே போடலாம். போடுங்கள்.